பதினேழாம் எண் கொக்கி

ஹெல்கா ஏரி கோல்ஃப் கிளப்,
நோர்பி, மினசோட்டா.
3 அக்டோபர் 1983

அன்புள்ள நோரிஸ்,

நீயும் வெர்னாவும் சௌக்கியமா என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் கை போகிறது. ஆனால் இதைக் கிளப் செயலாளராக எழுத வேண்டியிருப்பதால் முதலில் விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மாலை கமிட்டி கூடியது. சீசன் முடிவுப் போட்டியில் பதினான்காம் குழிக்கு முன்னால் நடந்ததை யாரும் நீட்டி முழக்கவில்லை. நாணல் புதருக்குள் போன பந்து கிடைத்துவிட்டது என்று நீ கத்தினாய், அதை அடித்தாய். கொஞ்ச நேரத்தில் அதே புதரிலிருந்து உன்னோடு ஆடிக்கொண்டிருந்த மைலோ இன்னொரு பந்தை எடுத்தான். இரண்டிலும் நீ மையால் வைக்கும் அந்தச் சிவப்புப் புள்ளிகள். பாக்கெட்டிலிருந்து ஒரு பந்தை நழுவவிட்டாய் என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் இல்லை. நீயும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு சீசனுக்கு நீ ஆடக்கூடாது. உன் அலமாரியைக் காலி செய்துவிட வேண்டும். மட்டைப் பைகள் தொங்கும் குளிர்கால அறையில் உன் கொக்கி வேறொருவருக்குப் போகிறது. அறிவிப்புப் பலகையில் போட வேண்டாம் என்று நான் கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். வெளியே பேசமாட்டோம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். நம் ஊரில் அதற்கு என்ன மதிப்பு என்று உனக்குத் தெரியாததில்லை.

இனி எழுதுவது செயலாளர் இல்லை, ஒன்பதாம் வகுப்பிலிருந்து உன்னோடு பழகியவன். நீ அன்று ஆறாவது இடத்தில் இருந்தாய். ஜெயிக்கிற இடத்தில்கூட இல்லை. ஏண்டா?

வெர்னாவுக்கு என் விசாரிப்பு.

கிளேட்டன் ஆஸ்ட்பி


மேசா, அரிசோனா.
12 அக்டோபர் 1983

அன்புத் தம்பி நோரிஸுக்கு அக்கா ஆர்டிஸ் எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மூன்று நாள் கார்ப் பயணத்தில் இடுப்புதான் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தது. இங்கே வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் அதற்கு வாயடைத்துப் போயிற்று. உனக்கு முழங்கால் எப்படி? வெர்னாவுக்குச் சளி விட்டதா?

என்னைக் கூட்டிவந்தவர்கள் ஒரு வாரம் முன்னதாகக் கிளம்பிவிட்டதால் எல்லாம் அவசரக் கோலம். என் மட்டைப் பை வீட்டு கராஜிலேயே நின்றுகொண்டிருக்கிறது. நினைத்தால் பகீர் என்கிறது. உறைபனி விழுவதற்குள் நீ அதை எடுத்துக்கொண்டுபோய்க் குளிர்கால அறையில் என் பதினேழாம் எண் கொக்கியில் மாட்டிவிடு. மாட்டுவதற்கு முன் இரும்பு மட்டைகளை உலர்ந்த துணியால் துடை. மரத்தலை மட்டைகளின் உறையைக் கழற்றிவிடு, உறைக்குள் ஈரம் தங்கும். கார் டிக்கியில் ஒருநாள்கூட வைக்காதே. சிரிக்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வரும் ஜூனில் அறுபத்தைந்து தாண்டிய பெண்களுக்கு மாநிலப் போட்டி முதல்முறையாக வைக்கிறார்கள். நான் பெயர் கொடுத்துவிட்டேன். அந்த மூன்று மரத்தலை மட்டைகள் இல்லாமல் எனக்கு ஆடத் தெரியாது. வேறு மட்டை பழக இனி வயதும் இல்லை.

பெண்கள் பிரிவின் விதி நடுவராக அடுத்த வருஷமும் என் பெயரையே போட்டுக்கொள்ளச் சொல்லிக் கிளேட்டனிடம் சொல். முடிவுப் போட்டியில் எப்படி ஆடினாய்? எழுதவே இல்லையே.

இருவருக்கும் என் முத்தங்கள்.

ஆர்டிஸ்


நோர்பி.
24 அக்டோபர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் மழைக்கு முந்தின நாள் சொல்லிவைக்கிறது, மற்ற நாள் பேசுவதில்லை. வெர்னாவுக்குச் சளி விட்டு, இப்போது அதை எனக்குக் கொடுத்திருக்கிறாள்.

உன் பையைப் பற்றிக் கவலையே வேண்டாம். துடைத்து, உறை கழற்றி, பதினேழாம் கொக்கியில் மாட்டியாயிற்று. பக்கத்தில் மைலோவின் பச்சைப் பை. அறையில் அதே மெழுகு வாசனை, அதே ஓட்டை நாற்காலி. கணப்பைக் கிளேட்டன் இந்த வருஷம் சீக்கிரமே மூட்டிவிட்டான். உன் பையைப் பார்த்ததும், "வந்துட்டாங்களா மகாராணி"ன்னான்.

முடிவுப் போட்டியில் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரே மழை. ஆறாவதோ என்னவோ வந்தேன்.

உன் இடுப்பைப் பார்த்துக்கொள்.

தம்பி நோரிஸ்


மேசா.
27 நவம்பர் 1983

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதி ஒரு மாதம் ஓடிவிட்டது, பதில் போடத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. முற்றத்து மரத்தில் பம்ப்ளிமாஸ் காய்த்துத் தொங்குகிறது, பறித்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பதே வேலையாக இருக்கிறது. நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு இங்கே ஒன்பது கிழவிகள் கூடினோம். வான்கோழி காய்ந்து போயிற்று, பேச்சு மட்டும் காயவில்லை.

சனிக்கிழமைதோறும் நீ தவறாமல் குளிர்கால அறைக்குச் சீட்டாடப் போவதாக வெர்னா எழுதியிருந்தாள். போகும்போது மாதம் ஒருமுறை என் மரத்தலை மட்டைகளுக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு துளி விட்டுத் தேய்த்துவிடு. கழுத்தில் சுற்றியிருக்கும் நூல் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்.

கிளப் கமிட்டி எடித்திடமிருந்து ஒரு நீளக் கடிதம் வந்தது. ஊர்ச் செய்தி ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். அவள் எழுதுவதில் பாதி எனக்கு வேண்டாதது. உனக்கு என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் நீயே எழுது. எத்தனை பக்கமானாலும் படிப்பேன்.

அக்கா


நோர்பி.
5 டிசம்பர் 1983

அன்புள்ள கிளேட்டன்,

உன் இருமல் தேவலையா? மருந்துக் கடையில் உன் முதுகைப் பார்த்தேன். கூப்பிட வாயெடுத்தவன் அடுத்த வரிசைக்குள் புகுந்துகொண்டேன். அதற்கு முதலில் மன்னித்துவிடு.

மூன்று தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய். போனில் பேசினால் வெர்னா காதில் விழும். அவளுக்கு இன்னும் தெரியாது. சனிக்கிழமை மத்தியானம் சீட்டாடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். போவது ஏரிக்கு, பனியில் துளையிட்டு மீன் பிடிக்க வைத்திருக்கும் என் மீன்குடிசைக்கு. ஏரி உறைந்து குடிசையைத் தாங்க ஆரம்பித்ததே போன வாரம்தான். அதுவரை காட்டு ரோட்டில் காரை நிறுத்தி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஆர்டிஸின் பை என்னிடம் இருக்கிறது. அவளுக்கு மாட்டியாயிற்று என்று எழுதிவிட்டேன். மாட்டத்தான் வந்தேன், கிளேட்டன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தேன். உள்ளே மைலோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று தோன்றிவிட்டது. திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் கார் அந்தத் திருப்பத்தில் தானாகவே நேரே போய்விடுகிறது.

இத்தனை நாள் டிக்கியில் இருந்தது. இப்போது குடிசையில், என் பைக்குப் பக்கத்தில். வீட்டுக்குள் கொண்டுபோனால் வெர்னா கேட்பாள். நேற்று என்ன சொன்னாள் தெரியுமா? "கிறிஸ்துமஸுக்கு உன் மட்டைக்கெல்லாம் புதுக் குல்லா பின்றேன், சனிக்கிழமை போறப்போ அளவெடுத்துட்டு வா"ன்னா. "பழசே நல்லாத்தானே இருக்கு"ன்னேன். "கிளப்ல அத்தனை பேர் முன்னாடி அந்தக் கந்தலைத் தொங்கவிட்டிருக்க, எனக்குல்ல மானம் போகுது"ன்னா. நான் எழுந்துபோய் நடைபாதைப் பனியை வாரினேன். அன்று பனியே விழவில்லை.

ஆர்டிஸின் பையை மட்டும் பின்வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். யாரும் பார்க்காத நேரமாக எடுத்து அவள் கொக்கியில் மாட்டிவிடுவாயா? அவள் மட்டைகள் என்ன தப்புச் செய்தன?

நோரிஸ்


நோர்பி.
9 டிசம்பர் 1983

அன்புள்ள நோரிஸ்,

இருமல் போய்விட்டது. மருந்துக் கடையில் நானும் உன்னைப் பார்த்தேன். நீ நின்ற வரிசை பெண்கள் கூந்தல் சாயம்.

பின்வாசலில் பனி இடுப்பளவு கிடக்கிறது, கதவைத் திறக்க முடியாது. முன்வாசல் வழியாக வா. சனிக்கிழமை, எல்லோரும் இருக்கும்போதே வா. முதலில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். உனக்குக் காது சூடாகும். அப்புறம் மைலோ, "உள்ள வர்றதுன்னா வா, இல்ல வெளிய நில்லு, கதவ மூடித் தொலைடா, குளிருது"ன்னு கத்துவான். அத்தோடு தீர்ந்தது.

நானே குடிசைக்கு வந்து பையை எடுத்துப்போகலாம். அரைமணி வேலைதான். ஆனால் அப்படிச் செய்தால் இந்த ஊரில் இனி எந்த வாசலிலும் நீ நுழையமாட்டாய். அதனால் வரமாட்டேன்.

ஒன்று கவனி. வாரம் ஒருநாள் அடுப்பு மூட்டி மற்ற நாளெல்லாம் உறையவிடுகிறாயே, அது மரத்துக்கு வெறும் குளிரைவிடக் கெடுதல். சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து வெடித்துவிடும். இரும்பு வியர்த்துத் துருவேறும். சீக்கிரம் கொண்டு வா. கொக்கி காத்திருக்கிறது.

கிளேட்டன்


நோர்பி.
2 ஜனவரி 1984

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷம் உனக்கு நன்றாக அமையட்டும். நீ அனுப்பிய பம்ப்ளிமாஸ் பெட்டி வந்தது, வெர்னா பாதியை அக்கம்பக்கம் காட்டியே தீர்த்துவிட்டாள். அவள் செய்த லெஃப்சா ரொட்டியை உனக்கு அனுப்பியிருக்கிறாள், வழியில் உடைந்திருந்தால் திட்டாதே. இங்கே பத்து நாளாகப் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. மூக்குமயிர் உறைகிறது.

குளிர்கால அறை எப்போதும்போல. போன சனிக்கிழமை கிளேட்டன் என்னிடம் தொடர்ந்து தோற்று, "இனிமே ஒன்கூட ஆடமாட்டேன் போ"ன்னு சீட்டைத் தூக்கிப் போட்டான். உன் மட்டைகளுக்கு எண்ணெய் விட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கின்றன.

மைலோ உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னான். அவனுடைய மரத்தலை மட்டை ஒன்றில் விரிசல் விட்டிருக்கிறது. கழுத்திலிருந்து பாதித் தலைவரை. நூலும் தளர்ந்து கழன்றுவிட்டது. அதே ஜாதி மரம்தான், உன்னுடையது போல. தச்சுப் பசை விட்டு இறுக்கிக் கட்டினால் நிற்குமா? நின்றால் பழைய மாதிரி அடிக்குமா? அவன் ரொம்பக் கவலைப்படுகிறான். உனக்குத் தெரிந்ததைச் சீக்கிரம் எழுது.

தம்பி நோரிஸ்


ஹெல்கா ஏரி கோல்ஃப் கிளப்.
23 ஜனவரி 1984

மதிப்புக்குரிய ஆர்டிஸ் அம்மையாருக்கு,

தாங்கள் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கிருந்து நல்ல செய்தி அனுப்ப முடியவில்லை.

போன புதன்கிழமை குளிர்கால அறையின் கூரையில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிட்டது. அதற்கு நேர்கீழே இருந்த பைகள் நனைந்தன. எல்லாவற்றையும் இறக்கி, உலர்த்தி, எது யாருடையது என்று பார்த்து அந்தந்த உறுப்பினருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தங்கள் பதினேழாம் எண் கொக்கி காலியாக இருக்கிறது. நனைந்தவற்றிலும் இல்லை, உலர்ந்தவற்றிலும் இல்லை. தங்கள் பை இந்தக் குளிர்காலத்தில் எங்களிடம் வந்ததாகவே தெரியவில்லை. தொலைந்துபோனதா, வேறெங்காவது இருக்கிறதா என்று தாங்கள் எழுதினால் கமிட்டிக்குச் சொல்ல வசதியாக இருக்கும். வழக்கம்போல எல்லாப் பதில்களையும் மார்ச் கூட்டத்தில் வாசிப்போம்.

கிளேட்டன் ஆஸ்ட்பி, செயலாளர்


மேசா.
30 ஜனவரி 1984

அன்புள்ள கிளேட்டனுக்கு,

நலமே. குழாய் வெடித்தது கேட்டு வருந்தினேன். உங்களுக்கு வீண் அலைச்சல்.

என் பை தொலையவில்லை. இந்த வருஷம் அதை வீட்டில் வைத்துக்கொள்ளும்படி நான்தான் நோரிஸிடம் சொன்னேன். உங்களுக்குத் தெரிவிக்க மறந்துவிட்டேன், தவறு என்னுடையது. வெர்னாவின் துணி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. இது பற்றி என் தம்பியை யாரும் விசாரிக்க வேண்டியதில்லை.

வெர்னாவையும் நோரிஸையும் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஆர்டிஸ் லிண்ட்க்விஸ்ட்


மேசா.
12 பிப்ரவரி 1984

அன்புத் தம்பிக்கு,

லெஃப்சா உடையாமல் வந்தது. வெண்ணெயும் சர்க்கரையும் தடவி ஒரே நாளில் தின்று தீர்த்தேன். வெர்னாவிடம் சொல். இங்கே இரண்டு நாள் மழை பெய்தது, அதற்கே எல்லோரும் வெள்ளம் வந்த மாதிரி பேசுகிறார்கள்.

ஜூன் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டேன். இடுப்பு சரியில்லை. நீ வருத்தப்படாதே.

உன் முழங்காலைப் பார்த்துக்கொள். பனிமேல் நடக்கும்போது கம்பு வைத்துக்கொள்.

அக்கா


நோர்பி.
8 மார்ச் 1984

அன்புள்ள நோரிஸ்,

நீயும் வெர்னாவும் நன்றாக இருப்பீர்கள். இதைப் படித்தபின் நீ நன்றாக இருப்பாயா என்று தெரியவில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜனவரியில் குழாய் வெடித்ததே, அப்போது காலியாக இருந்த கொக்கிகளைப் பற்றி உறுப்பினர்களுக்கு எழுதினேன். உன் அக்காவை மட்டும் விட்டால் கமிட்டி ஏன் என்று கேட்கும் என்று அவளுக்கும் எழுதினேன். பையை வீட்டில் வைக்கும்படி தான்தான் உன்னிடம் சொன்னதாகவும், அது வெர்னாவின் துணி அலமாரியில் இருப்பதாகவும் பதில் போட்டாள். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் எல்லாப் பதில்களையும் வாசிக்கும்போது அதையும் வாசித்தேன்.

மைலோ சிரித்துவிட்டான். "எந்தத் துணி அலமாரி? நோரிஸோட மீன்குடிசை ஜன்னல்ல என் கண்ணால பார்த்தேன். ரெண்டு பை, அடுப்போரமா, மாமியார் வீட்டுக்கு விருந்து வந்தவங்க மாதிரி உக்காந்திருக்கு"ன்னான். அப்புறம் எடித் சொன்னாள், "தம்பி பந்தை நழுவவிட்டான், அக்கா வார்த்தையை நழுவவிடறா"ன்னு.

இருபது வருஷத்தில் ஆர்டிஸ் சொன்ன தீர்ப்பை யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. அவள் "இது ஒரு அடி"ன்னா ஒரு அடிதான். செவ்வாய்க்கிழமை முதல்முறையாக அவள் பேச்சை அந்த அறையில் எடை போட்டார்கள். ஏப்ரல் கூட்டத்தில் விதி நடுவர் வேலையை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு.

உன் டிசம்பர் கடிதம் என்னிடம் இருக்கிறது. எனக்கு உண்மை தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கிளேட்டன்


நோர்பி.
14 மார்ச் 1984

அன்புள்ள கிளேட்டன்,

உன் கடிதம் வந்த அன்று குடிசையை ஏரியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டுப் படித்தேன்.

பிப்ரவரியில் அக்காவிடமிருந்து ஒரு சின்னக் கடிதம். மட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டேன். அவள் எனக்காகக் கிளப்புக்குப் பொய் எழுதிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் இரண்டாவது தட்டு வாங்கித் தின்றிருக்கிறேன். தூ.

வெர்னாவிடம் சொல்லிவிட்டேன். கடைசிவரை கேட்டாள். "சனிக்கிழமை சனிக்கிழமை சாண்ட்விச் கட்டிக் குடுத்தனே, அதையெல்லாம் எங்க உக்காந்து தின்ன?"ன்னா. "குடிசையில"ன்னேன். "தனியாவா?"ன்னா. "ஆமா"ன்னேன். அப்புறம் பின்னி வைத்திருந்த குல்லாக்களை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மூன்று மரத்தலை மட்டைகளில் இரண்டு வெடித்துவிட்டன என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை உனக்கு எழுதுகிறேன். தோல் கைப்பிடிகள் எல்லாம் ஓடு ஓடாக உரிகின்றன. நீ அப்போதே சொன்னாய்.

கீழே உள்ளதை இப்போதே அறிவிப்புப் பலகையில் ஒட்டு. ஏப்ரல் கூட்டத்திலும் வாசி.

"நோரிஸ் எழுதுவது. முடிவுப் போட்டியில் நான் பந்து மாற்றினேன். கமிட்டி எனக்குக் கொடுத்த தண்டனை சரி. என் அக்கா ஆர்டிஸ் லிண்ட்க்விஸ்டின் பையைக் குளிர்கால அறையில் மாட்ட எனக்கு முகமில்லாமல் மீன்குடிசையில் வைத்துக் கெடுத்தேன். பை என் வீட்டில் இருக்கிறது என்று அவளுக்கு எழுதினேன். அவள் அதை நம்பி உங்களுக்கு எழுதினாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவள் வார்த்தையில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னிடம் வந்து கேட்கவும். சனிக்கிழமை மத்தியானங்களில் நான் குளிர்கால அறையில் இருப்பேன்."

நோரிஸ்


மேசா.
2 ஏப்ரல் 1984

அன்புத் தம்பி நோரிஸுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இடுப்பும் நன்றாகத்தான் இருக்கிறது. பிப்ரவரியில் நான் எழுதியது பொய். மட்டை போயிற்று என்று எனக்குத் தெரியும். யாரோ ஒருவனுடைய மட்டைக்குத் தச்சுப் பசை விடலாமா என்று நீ கேட்டபோதே தெரியும். மைலோ ஜன்மத்தில் யாரிடமும் யோசனை கேட்டவன் இல்லை.

நீ எழுதியதைக் கிளேட்டன் பிரதி எடுத்து அனுப்பியிருந்தான். சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். அழுதேன், அதை மறைப்பானேன். இரண்டு சனிக்கிழமையாக நீ அங்கே போய் உட்காருவதாகவும், ஒருவரும் பேசாவிட்டாலும் எழுந்து வருவதில்லை என்றும் எழுதியிருந்தான். ஆனால் நீ எழுதியதில் ஒன்று தப்பு. பை உன் வீட்டில் இருப்பதாக நீ எனக்கு எழுதவே இல்லை. நீ பந்து மாற்றியது, தண்டனை, அதன்பின் கிளப் பக்கமே போகாதது, எல்லாவற்றையும் எடித் நவம்பரிலேயே எழுதிவிட்டாள். நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன், ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கும்போது இதில் இருக்கும் என்று பிரித்தேன். கொக்கி காலி என்று கிளேட்டன் எழுதியபோது, தெரிந்தேதான் பொய் சொன்னேன். அதை மூடி மறைக்க நீ இன்னொரு பொய்யைப் பலகையில் ஒட்டியிருக்கிறாய். அது அங்கே இருக்கக்கூடாது. கிளேட்டனுக்கு இன்றே எழுதிவிட்டேன்: எனக்குத் தெரியும், தெரிந்தே எழுதினேன், இதையும் நோரிஸ் எழுதியதற்குக் கீழே ஒட்டுங்கள், நடுவர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று.

உன்மேல் கோபமாக இருந்தேன், நோரிஸ். மட்டைக்காக இல்லை. நீ எனக்குச் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதினாயே, கிளேட்டன் என்ன சொன்னான், எப்படிச் சீட்டைத் தூக்கிப் போட்டான் என்று. அதைப் படித்து நான் சிரித்தேன். தெரிந்துகொண்டே சிரித்தேன். பிறகு நீ அந்தக் குளிரில் தனியாக உட்கார்ந்து அதையெல்லாம் யோசித்து எழுதியதை நினைத்து என்னால் அன்று எதுவும் செய்ய முடியவில்லை. இப்போது கோபம் இல்லை. நடுவராக இருந்த இருபது வருஷத்தில், ஒரே ஒரு அடியை மறைத்தவளைக்கூட நான் மன்னித்ததில்லை. அப்படி ஒரு அடியை மறைத்து மாட்டிக்கொண்ட பெர்த்தா அழுதுகொண்டு போனதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். எனக்கென்று வந்தபோது பொய் எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பேனா நிற்கவே இல்லை. அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல்தான் உனக்கு அத்தனை சின்னதாக எழுதினேன்.

வெர்னாவிடம் கோபித்துக்கொள்ள நிறைய இருக்கும், கோபித்துக்கொள்ளட்டும். நடுவில் போய்ச் சமாதானம் சொல்லாதே.

இருபத்திரண்டாம் தேதி மத்தியான பஸ்ஸில் வருகிறேன். யாரையாவது அனுப்புகிறேன், முழங்கால் வலி என்று எழுதாதே. நீயே வா. நான் இறங்கும்போது எதிரில் வந்து நில். உன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். வந்து நில்.

உன் அக்கா
ஆர்டிஸ்